டங்கன் மரத்துத் தகரம்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதாச்சலத்தின் இன்ஜின் கொட்டாயில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். வாசலுக்கு நேராகக் கயிற்றுக் கட்டிலில் வேதாச்சலம். நிலத்துக்காரன் என்பதால் கட்டில் அவனுக்கு. அவனுடைய அக்கா புருஷன் நாகபூஷணம் நகரியில் தறி நெய்கிறவர். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே பழகியவர் என்பதால் காலி டீசல் பீப்பாய்மேல் ஏறியிருந்தார். அவர் மகள் தாட்சாயணி, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு படிப்பவள், கவிழ்த்துப் போட்ட பழக்கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நிலத்துக் கங்கம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் கால் நீட்டியிருந்தாள். திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் மலையேறுகிறவர்களுக்குப் பழம் விற்கிறவள் அவள். வீட்டில் தெலுங்கு, வெளியில் இரண்டும். ஐந்தாவது ஆளான வெங்கடலட்சுமி, வேதாச்சலத்தின் மனைவி, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு கோணிப் படுதா கட்டி, அதன் மறைவில் அரிவாள்மனையும் நான்கு கூறு பழங்களுமாக இருந்தாள்.

எந்தப் பழம் எந்த மரத்துப் பழம் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். படுதா போதாதென்று நான்கு பேர் கண்ணிலும் ஈரிழைத் துண்டு கட்டியிருந்தாள்.

"கண்ணக் கட்டி இட்டுக்கினு வந்து பழம் குடுக்கறது இந்த ஊர்ல மட்டுந்தாம்பா," என்றார் நாகபூஷணம். "தங்கச்சி, எனக்கு ஏற்கெனவே சக்கரை வியாதி. கண்ணு வேற போயிடுச்சின்னு ஊர்ல சொல்லிடப் போறாங்க."

"வாயத் தொறங்கண்ணே, பேசறதுக்கு இல்ல," என்றது படுதா.

வெளியிலிருந்து பார்த்தால் இது விளையாட்டு. வெங்கடலட்சுமிக்கு விளையாட்டு இல்லை. திங்கட்கிழமை விடிந்தால் மரம்வெட்டி சிட்டிபாபு கோடரியோடு வருவான். நான்கு மரங்களில் ஒன்றின் அடியில் தார் கொண்டு ஒரு பெருக்கல்குறி போட்டிருந்தது. அது அவளுடைய டங்கன் மரம்.

அந்த மரங்களின் கதை இது. புத்தூருக்குத் தெற்கே இருந்த அந்த நிலம் அவளுடைய நைனா அவளுக்குக் கொடுத்தது. கிணற்றோரம் ஒரு நாட்டு பம்ப்ளிமாஸ் மரம் முன்பே இருந்தது. மதனப்பள்ளிப் பக்கத்தில் ஒரு நர்சரியை மூடியபோது நைனா மூன்று ஒட்டுக்கன்றுகள் வாங்கிவந்து அதன் பக்கத்தில் வைத்தார். பம்ப்ளிமாசுக்குச் சீமை உறவு, கிரேப் ஃப்ரூட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றுக்கும் துரைமார் பெயர்கள்: மார்ஷ், ஃபாஸ்டர், டங்கன். கன்றுகள் காய்ப்பதற்குள் நைனா போய்விட்டார். காய்க்கத் தொடங்கிய நாளிலிருந்து வெங்கடலட்சுமிக்கு ஒரே ஆச்சரியம். ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே எரு. அப்படியிருக்க ஒன்றுக்கு வெள்ளைச் சுளை, கொட்டையே இல்லை. ஒன்றுக்கு ரோஜா நிறத்தில் சுளை. இன்னொன்றுக்குக் கொட்டை கொள்ளை, வாசனை கொள்ளை, கூடவே ஒரு கசப்பு. ஏன் இப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே அவளே தின்று பார்த்தாள். பொங்கலுக்கு முன்பு பறித்தது, பின்பு பறித்தது, வெயில் பக்கத்துக் காய், நிழல் பக்கத்துக் காய் என்று வருஷா வருஷம் தின்று பார்த்தாள். புத்தூர் போர்டு ஸ்கூலில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். எதையும் வரிசைப்படுத்தினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நான்கு வருஷமாயிற்று. ஆபீசுகளில் தெலுங்கு நுழைந்துகொண்டிருந்தது. எல்லைக்கோடு எங்கே விழும், தங்கள் ஊர் மெட்ராஸ் பக்கமா ஆந்திரா பக்கமா என்று ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவள் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகம் ஒன்றை வாங்கி, அடுப்பங்கரையில் வைத்துத் தானே எழுதிப் படித்துக்கொண்டாள். போன ஐப்பசியில் திருப்பதியிலிருந்து பழத்தோட்ட அசிஸ்டெண்ட் வரப்போவதாகத் தகவல் வந்தது. வெறும் நிலம் இரண்டு ஏக்கருக்கு ஒட்டுக்கன்று தருவதாகவும், இருக்கிற மரங்களில் என்ன ருசி என்று தெலுங்கில் எழுதி மாட்டி வைக்கும்படியும் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் பிஸ்கட் டப்பாவை வெட்டி நான்கு தகடு செய்து, பெயிண்டால் எழுதி மாட்டினாள். அசிஸ்டெண்ட் வந்த அன்று அவள் நகரியில் நாத்தனார் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது டங்கன் மரத்தில் தார் காய்ந்திருந்தது.

"கெட்ட மரமாம். வெட்டிட்டாத்தான் கன்னு குடுப்பாராம்," என்றான் வேதாச்சலம்.

"இன்னா காரணம் சொன்னாரு?"

"'அதான் நீங்களே எழுதி வச்சிக்கிறீங்களே, அதுக்கு மேல நான் இன்னா பாக்கறது'ன்னாரு."

அவள் எழுதி வைத்தது கசப்பு என்று. கசப்புக்குத் தெலுங்கில் சேது. கசந்தால் ஒரு மரத்தை வெட்டுவார்களா? மூன்று வாரமாக அந்தக் கேள்வி அவளைத் தின்றது. பாகற்காய்க் கொடியை யாராவது வெட்டுகிறார்களா? கேட்டால் வேதாச்சலம், "சர்க்கார் ஆளு சொல்றான், நீ பாகக்காயப் பத்திப் பேசிக்கினு கிற," என்றான். அவனுக்கு இரண்டு ஏக்கர் கன்று முக்கியம். கடைசியில் அவன் ஒரு வழிக்கு வந்தான்: நாலு பேர் தின்று பார்க்கட்டும், நல்லது என்று பாதிப்பேராவது சொன்னால் அசிஸ்டெண்டிடம் தானே போய்ப் பேசுவான், இல்லையென்றால் திங்கட்கிழமை சிட்டிபாபு. மரத்துக்காரி என்பதால் அவளுக்கு ஓட்டு இல்லை. அதற்கு அவளும் ஒத்துக்கொண்டாள்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து முதல் தட்டு வந்தது. தோலும் வெள்ளைச் சவ்வும் நீக்கி, சுளையை மட்டும் உதிர்த்து வைத்திருந்தாள்.

"பெரிய முத்தா கீது. தித்திப்பு. ஆனா சப்புனு போயிடுது," என்றான் வேதாச்சலம். "இது நம்ப நாட்டு பம்ப்ளிமாஸ்."

"பேரு சொல்லக்கூடாது. ருசி மட்டும் சொல்லுங்க."

"இது பம்பரபனச," என்று அதே பெயரைத் தெலுங்கில் சொன்னாள் கங்கம்மாள் அவள் பங்குக்கு. "மலையேறி வர்றவங்களுக்கு நல்லா ஓடும். பிள்ளைங்க துன்னும்."

"அத்த, இவங்க ரெண்டு பேருக்கும் கண்ணக் கட்டினதோட வாயையும் கட்டியிருக்கணும்," என்றாள் தாட்சாயணி.

நடுவில் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், ஒரு கை பொரி தின்ன வேண்டும். முந்தின ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கக் கூடாது. அடுத்த தட்டு மார்ஷ். கொட்டை இல்லாத இளம்புளிப்பு. பின்னால் லேசாக ஒரு தித்திப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள். கங்கம்மாள் இரண்டாவது முறை கை நீட்டினாள்.

அதற்கடுத்தது ஃபாஸ்டர். தாட்சாயணி நாக்கைச் சப்புக் கொட்டினாள். "இதுல வாசனை வேற மாதிரி. ரோஸ் கலர்தானே அத்த? எங்க டாக்டரம்மா செவப்புச் சுளையிலதான் ஏ வைட்டமின் கொஞ்சம் கூடன்னு சொல்வாங்க. கண்ணுக்கு நல்லதாம்."

"கண்ணக் கட்டிக்கினு கண்ணுக்கு நல்லதத் துன்றோம்," என்றார் நாகபூஷணம்.

"சி வைட்டமின்?" படுதாவுக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது. வெங்கடலட்சுமி அரிவாள்மனையை நிறுத்திவிட்டிருந்தாள்.

"அது நாலுலயுமே இருக்குது அத்த. ஈறுல ரத்தம் வர்றவங்களுக்கு வார்டுல சாத்துக்குடி குடுக்கறோம், அந்த வேலய இதுவும் செய்யும். ஆனா புழிஞ்சி வச்சிட்டு மத்தியானம் குடிச்சா பிரயோஜனம் கம்மி. அப்பவே குடிக்கணும்."

"கசப்பு சக்கரையக் கரைக்கும்ன்றாங்களே, நெசமா?" என்றார் நாகபூஷணம். இந்தக் கேள்வியில் மட்டும் கிண்டல் இல்லை.

"நானும் டாக்டரம்மாவ உனக்காகக் கேட்டேன் நைனா. கரைக்கல்லாம் கரைக்காதாம். மாம்பழத்த விட இதுல சக்கரை கம்மி, அதனால அளவா நீ துன்னலாம். அவ்ளோதான். அதுக்காக மாத்திரய வுட்டுட்டு மரத்துக் கீழ போயி உக்காந்துடாத."

"துன்னலாம்னு ஒரு பழத்தையாவது சொன்னாங்களே. வாழப்பழம் வேணாம், பலாப்பழம் வேணாம்னு சொல்லிச் சொல்லி என்ன ஆடு மாடா ஆக்கி வச்சிக்கிறாங்க."

படுதா விலகியது. கடைசித் தட்டு வந்தது. தட்டு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. எலுமிச்சை இலையைக் கசக்கினாற்போல, அதற்குள் எங்கோ பூவாசம். வெங்கடலட்சுமி வெளியே வந்து, படுதாவைப் பிடித்தபடி நின்று நான்கு முகங்களையும் பார்த்தாள். நான்கும் கண் கட்டிய முகங்கள். வாயை மட்டும்தான் நம்ப வேண்டியிருந்தது.

வேதாச்சலத்தின் வாய் கோணிற்று. வெளிப்பக்கம் திரும்பித் துப்பினான். "இதாம்மே. இதான் அது. வெட்டறது ஞாயந்தான்."

கங்கம்மாள் துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். ஆனால் தலையை ஆட்டினாள். "தல்லி, தாயே, வாசன பாகுந்தி. நல்ல வாசனை. ஆனா இத எவரு கொனுக்குண்டாரு? யாரு வாங்குவாங்க? மொத சுளைய வாயில போட்டவன் படிக்கட்டுல துப்புவான். சாமி படிம்மா அது. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

நாகபூஷணம் மெதுவாக மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டித் தட்டைத் துழாவினார்.

"அண்ணே, எப்பிடி கீது?"

"கசக்குது."

"கசக்குதுன்னுட்டு மறுபடி எடுக்கறீங்களே?"

"அதான் எனக்கும் புரியல தங்கச்சி. மொதல்ல கசக்குது. முழுங்கினப்புறம் வாயில தண்ணி ஊறுது. தித்திப்பு மாதிரி ஒண்ணு பின்னால வருது. அது வருதா இல்ல ஏமாத்துதான்னு பாக்கறதுக்கு இன்னொண்ணு துன்ன வேண்டிக்கீது." மூன்றாவதையும் எடுத்தார். "என் ஓட்டு இதுக்கு. மரம் இருக்கட்டும்."

இரண்டுக்கு ஒன்று. தாட்சாயணி மட்டும் பாக்கி. அவள் சுளையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். அத்தையின் பக்கம் சாய்ந்து சொன்னால் இரண்டுக்கு இரண்டு. பாதிப்பேர். அது அவளுக்குத் தெரியும். வெங்கடலட்சுமிக்கும் தெரியும். படுதாக் கோணியின் நூலை அவள் விரல் பிரித்துக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லணுமா அத்த?" என்றாள் தாட்சாயணி கடைசியில்.

"வேணாம்மா. ருசிய கேட்டா ருசியத்தான் சொல்லணும்."

"என்னால முடியல. ரொம்பக் கசக்குது."

மூன்றுக்கு ஒன்று. நான்கு பேரும் கண்கட்டை அவிழ்த்தார்கள். வேதாச்சலம் ஜெயித்தவன் மாதிரி இல்லாமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கிக் காத்தால சிட்டிபாபு வருவான்," என்றான். வெங்கடலட்சுமி தரையில் குந்தினாள். தட்டுகளை அடுக்கினாள். பொரி மூட்டையின் வாயைக் கட்டினாள். கோடரி வருவதற்குள் தகட்டையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து கிணற்றுப் பக்கம் நடந்தாள். தாட்சாயணி குற்றம் செய்தவள் போலப் பின்னாலேயே போனாள்.

டங்கன் மரம் கொத்துக்கொத்தாகக் காய்த்து நின்றது. மற்ற மரங்களில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு காய் இல்லை. ஸ்கூல் பிள்ளைகள் பறித்துப்போயிருந்தார்கள். இதில் மட்டும் அடிக்கிளைக் காய்கூட அப்படியே இருந்தது.

"பாரு, பசங்களுக்குக்கூட கசப்பு புடிக்கல," என்றபடி வெங்கடலட்சுமி தகட்டின் கம்பியை முறுக்கினாள்.

தாட்சாயணி தகட்டைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். "அத்த, ஏன் இப்பிடி எழுதி மாட்டிக்கிறீங்க?"

"எப்பிடி?"

"செடுன்னு."

"சேது. கசப்பு."

"சேதுன்னா கசப்புதான். நீங்க எழுதியிருக்கறது செடு. செடுன்னா கெட்டது. நல்லது கெட்டதுன்னு சொல்றோமில்ல, அந்தக் கெட்டது." அவள் விரலைத் தகட்டின்மேல் வைத்தாள். "மொத எழுத்துல கொம்ப நீட்டல, நெடில் குறிலாயிடுச்சி. ரெண்டாவது த இல்ல, ட."

வெங்கடலட்சுமி தகட்டைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். தெலுங்கில் தவும் டவும் அக்கா தங்கை மாதிரி. பின்னாலிருந்து பார்த்தால் எது எது என்று பெற்றவள்தான் சொல்ல வேண்டும். அடுப்பு வெளிச்சத்தில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் பழகியவளுக்கு இரண்டு பேரும் ஒருத்தியாகவே தெரிந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் தொடாததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. பிள்ளைகள் தெலுங்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அசிஸ்டெண்ட் சொன்னதும் விளங்கியது. வீட்டுக்காரர்களே கெட்டது என்று எழுதி மாட்டியிருக்கும்போது, மரத்துக்குள் ஏதோ நோய் கண்டுதான் எழுதியிருக்கிறார்கள் என்று அந்த மனுஷர் நம்பியிருக்கிறார். மழைக்குப் பிறகு இலை கொஞ்சம் மஞ்சள் பாய்ந்திருந்தது வேறு. அவர்மேல் என்ன தப்பு?

முதலில் அவளுக்கு முகம் சுண்டிற்று. பிறகு சிரிப்பு வந்தது. தாட்சாயணியும் சேர்ந்துகொள்ள, இரண்டு பேரும் தகட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்கு ஓடிவந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் நாகபூஷணம் பீப்பாயிலிருந்து இறங்கிவிட்டார். "தகரத்துல எழுதச் சொன்னா தகரத்தயே வுட்டுட்டியேம்மா! எட்டாவது பாஸ் பண்ணவளுக்கு டகரத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியல!"

"தமிழ்ல தெரியும்ணே."

கங்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் இரண்டு வார்த்தையையும் வாயால் சொல்லிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூணு வாரமா இந்த வழியாத்தான் போய்க்கினு கிறேன். எனக்குப் படிப்பு வந்திருந்தா அன்னிக்கே உன் மரத்தச் சுத்திக்கினு போயிருப்பேன்."

வேதாச்சலம் சிரிக்கவில்லை. "எழுத்து தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா ஓட்டு தப்பில்லையே? மூணு பேரு வேணாம்னு சொன்னோம்."

"வேணாம்னு சொன்னது துன்றதுக்கு," என்றாள் வெங்கடலட்சுமி. குரல் உயரவில்லை. ஓடி வரும்போதே வரிசைப்படுத்திக்கொண்ட பேச்சு அது. "வெட்டச் சொன்னது நோயின்னு. நோயி பக்கத்து மரத்துக்குத் தாவும், அதனால வெட்டச் சொன்னாரு. நோயே இல்லன்னா எதுக்கு வெட்டறது? கசப்பு தாவுமா?"

"ருசிய பாத்து வெட்டறதுன்னா மச்சான்," என்று நாகபூஷணம் நுழைந்தார், "உங்க அக்கா வைக்கிற கொழம்புக்கு எங்க வீட்டுச் சட்டி ஒண்ணுகூட மிஞ்சாது."

"மாமா, நீங்க சும்மா இருங்க. எனக்கு அந்த மரத்துமேல கோவமா இன்னா? கன்னு வராம போயிட்டா ரெண்டு ஏக்கரும் இந்த வருசமும் சும்மா கெடக்கும். நாளைக்கிக் கோட்டப் போட்டு நம்பள மெட்ராஸ்ல தள்ளிட்டா, திருப்பதி ஆபீஸ்ல நம்பள யாருன்னு கேப்பானுங்க. அதுக்குள்ள வாங்கிடணும்னு பாக்கறேன்."

அவன் பயமும் பொய்யில்லை என்று வெங்கடலட்சுமிக்குத் தெரிந்தது. "அப்ப இன்னிக்கே எழுதறேன். தாட்சாயணி சாயங்கால ரயிலுக்குத் திருப்பதி போறா. அவளே ஆபீசுல குடுக்கட்டும். அவரு மறுபடி வந்து மரத்தப் பாத்துட்டு, நோயின்னு சொன்னா நானே கோடாரி எடுக்கறேன். வர்ற வரைக்கும் சிட்டிபாபு வரவேணாம்."

வேதாச்சலம் கட்டிலின் கயிற்றைக் கொஞ்ச நேரம் நெருடினான். "பதில் வர்ற வரைக்கும்," என்றான். "கன்ன மட்டும் கண்டிசனா கேட்டு எழுது." எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிட்டிபாபு வீட்டுப் பக்கம் போனான்.

வெங்கடலட்சுமி கவிழ்த்த கூடைமேல் பலகையை வைத்து எழுத உட்கார்ந்தாள்.

"நான் எழுதித் தரட்டுமா அத்த? எனக்குச் சரியா வரும்."

"என் மரம். நானே எழுதறேன். தப்பு இருந்தா சொல்லு."

தெலுங்கில்தான் எழுதினாள், ஒவ்வோர் எழுத்தாக, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். தாங்கள் வந்தபோது நான் ஊரில் இல்லை. தகட்டில் எழுதியது என் எழுத்துப் பிழை. மரத்துக்கு நோய் எதுவும் நான் கண்டதில்லை. பட்டையில் பிசின் இல்லை, கிளை காயவில்லை, காய் உதிரவில்லை. இன்று நான்கு பேருக்குக் கண்ணைக் கட்டி நான்கு பழமும் கொடுத்தேன். விற்பதற்கு நல்லது மார்ஷ். வாசனைக்கும் நிறத்துக்கும் ஃபாஸ்டர். பிள்ளைகளுக்கு நாட்டுப் பழம். ஆகவே இரண்டு ஏக்கருக்கும் மார்ஷ் ஒட்டுக்கன்று தரும்படி கேட்டுக்கொள்கிறோம். டங்கனை மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் மட்டும் வாய் வேண்டாம் என்றபோதும் கை வேண்டும் என்றது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அந்த மரம் இருக்க வேண்டும்.

ருசியை எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றது. சே என்று தொடங்கக் கையெடுத்தாள். எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"கொம்ப நீட்டுங்க அத்த. அடுத்தது த. நான் காட்டறேன்."

"வேணாம். அந்த வார்த்தையே வேணாம்." பேனாவை மறுபடி மையில் தோய்த்தாள். "உகாதிப் பச்சடியில போடற வேப்பம்பூ எப்பிடியோ, அப்பிடின்னு எழுதறேன். அத எவனும் கெட்டதுன்னு படிக்கமாட்டான்."

நாகபூஷணம் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது என்றாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். தாட்சாயணி ஒருமுறை படித்து, ஒரு சுழியைத் திருத்தினாள். மற்றதெல்லாம் சரி.

வேதாச்சலம் திரும்பி வரும்போது தோள் துண்டில் எதையோ முடிந்து எடுத்து வந்தான். மூன்று டங்கன் பழங்கள், காம்பும் இலையுமாக. "வெறும் காகிதத்த நம்புவாரா? துன்னு பாக்கட்டும்," என்று கூடையில் வைத்தான். வைத்துவிட்டு, "அவரும் துப்புவாரு," என்றான்.

வெங்கடலட்சுமி காகிதத்தை நான்காக மடித்து உறையில் போட்டாள். காலையில் மிஞ்சிய சோற்றில் நான்கு பருக்கையை நசுக்கி, ஓரம் விடாமல் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். உறைமேல் அசிஸ்டெண்டின் பெயரையும் ஆபீசையும் எழுதினாள். ஈரம் காயும் வரை இன்ஜினின் மூடிமேல் வைத்திருந்து, தாட்சாயணியின் பைக்குள் தானே செருகினாள். நாகபூஷணம் பழக்கூடையைத் தலையில் தூக்கிக்கொள்ள, அப்பாவும் மகளும் வரப்பில் இறங்கிப் புத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.